நெருப்பு நரியும் நிரலாளர் கோபமும்



ஓர் உலாவியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்களாம். கேட்கட்டும். வங்கிக் கணக்கு, ரயில் சீட்டு, தேர்வு முடிவு, வேலை விண்ணப்பம் எல்லாம் இன்று எந்தச் சன்னல் வழியாக வருகிறது? அந்தச் சன்னலை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று பேச ஒரு மாலை நேரம்கூட நமக்கு இல்லையா?

நான் பேசப்போவது ஃபயர்ஃபாக்ஸைப் பற்றி. நம் தமிழ் வலைப்பதிவர்கள் நெருப்பு நரி என்று செல்லப் பெயர் வைத்துக் கொண்டாடிய உலாவி அது. உலாவிப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டேட்கவுன்ட்டர் தளத்தின் கணக்குப்படி 2009ஆம் ஆண்டின் இறுதியில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் அதைத்தான் பயன்படுத்தினார்கள். இன்று நூற்றுக்கு மூன்று பேர் தேறுவது கடினம். கூகுளின் பணபலம் நசுக்கிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நாம் எழுந்து டீ குடிக்கப் போகலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அந்த மீதிப் பாதியின் பெயர், நிரலாளர்களின் கோபம்.

கோபத்தைச் சொல்வதற்கு முன் காதலைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பின்னால் போவோம்.

2001 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பை வெளியிட்டது. ஏழாம் பதிப்பு எப்போது வந்தது தெரியுமா? 2006 அக்டோபரில். நடுவில் ஐந்து ஆண்டுகள்! பத்துக் கணினிகளில் ஒன்பதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எதிரில் நின்ற நெட்ஸ்கேப் விழுந்துவிட்டது. போட்டி இல்லை, பிறகு யாருக்காகத் திருத்த வேண்டும்? தாவி வரும் விளம்பரச் சன்னல்களை மூடி மூடி நம் விரல் தேய்ந்தது. பக்கம் எழுதுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ் நெறிகளில் ஒன்று சொல்லியிருக்கும், எக்ஸ்புளோரர் வேறொன்று செய்யும். ஒரே பக்கத்தை இரண்டு முறை எழுதினோம்: நெறிப்படி ஒரு முறை, எக்ஸ்புளோரரின் மனம்போனபடி ஒரு முறை.

விழுந்த நெட்ஸ்கேப் விழுவதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. 1998 மார்ச் 31 அன்று தன் உலாவியின் மூல நிரலை உலகத்துக்குத் திறந்து கொடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் மொசில்லா திட்டம். அவர்கள் முதலில் கட்டியதோ பெரிய பொதி: உலாவி, மின்னஞ்சல், பக்கத் தொகுப்பி எல்லாம் ஒன்றாக. இது கனக்கிறது, உலாவியை மட்டும் இளைத்த உடம்போடு எடுத்து வருவோம் என்று பிளேக் ராஸ், டேவ் ஹையட் போன்ற சிலர் 2002இல் தனியே ஒரு சோதனை தொடங்கினார்கள். முதலில் ஃபீனிக்ஸ் என்றார்கள், பிறகு ஃபயர்பேர்ட் என்றார்கள், இரண்டு பெயருக்கும் தகராறு வந்து கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. 2004 நவம்பர் 9 அன்று 1.0 வெளிவந்தது.

அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் இரண்டு முழுப் பக்க விளம்பரம். அந்த விளம்பரத்தில் நடிகர் இல்லை, நடிகை இல்லை. பணம் கொடுத்தவர்களின் பெயர்கள், ஏறக்குறைய பத்தாயிரம் பெயர்கள், எறும்பு எறும்பாக அச்சாகியிருந்தன. ஓர் உலாவிக்காகத் தம் கைக்காசைப் போட்டு விளம்பரம் கொடுத்த சனங்கள், நண்பர்களே! 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்தபோது 24 மணி நேரத்தில் 80 லட்சம் தடவைக்கு மேல் இறக்கிக்கொண்டு கின்னஸ் புத்தகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். இந்த அன்பு எங்கிருந்து வந்தது?

இலவசம் என்பதாலா? எக்ஸ்புளோரரும் இலவசம்தான். வேகம் என்பதாலா? இருக்கலாம். நான் சொல்வேன், அது நிரலாளனை மதித்தது. அதனால் வந்த அன்பு.

ஓர் எடுத்துக்காட்டு. இந்த அவையில் இருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? வரிக்கு வரி நடுவில் ஓர் அலர்ட் வைப்போம். பக்கத்தைத் திறந்தால் சின்னச் சாம்பல் நிறப் பெட்டி எழும்: ‘இங்கே வந்தேன் 1’. ஓகே அழுத்தினால் ‘இங்கே வந்தேன் 2’. மூன்று வரவில்லையா? இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் வழு. சுற்று ஒன்றுக்குள் தப்பித் தவறி அந்த அலர்ட்டை வைத்துவிட்டால் பெட்டி எழுந்துகொண்டே இருக்கும். உலாவியையே கொன்றுதான் வெளியே வர வேண்டும்.

2006இல் ஜோ ஹ்யூவிட் ஃபயர்பக் என்ற நீட்சியை, உலாவியோடு சேர்ந்து ஓடும் துணை நிரலை, எழுதினார். பக்கத்தின் எந்த மூலையில் வேண்டுமானாலும் வலது சொடுக்கு, கீழே ஒரு பலகை விரியும். இந்தத் தலைப்புக்கு எத்தனை புள்ளி ஓரம், அது எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வருகிறது, சர்வரிலிருந்து எந்தப் படம் எத்தனை மில்லி நொடியில் வந்தது, எல்லாம் கண்ணெதிரே. அந்த ஓர எண்ணின்மேல் சுட்டியை வைத்து மேல் அம்பை அழுத்தினால் பக்கம் உயிரோடு நகரும். இன்று குரோமில், எட்ஜில், சஃபாரியில் நீங்கள் திறக்கும் ஆய்வுப் பலகைகள் எல்லாம் அது போட்ட பாதையில் வந்தவை. வலைத்தளம் செய்கிறவன் ஃபயர்ஃபாக்ஸில் குடியேறினான். அவன் குடியேறியதும் அவன் அம்மாவின் கணினியிலும், அலுவலகக் கணினியிலும், பக்கத்து வீட்டுக் கணினியிலும் அதையே நிறுவிக் கொடுத்தான். ஃபயர்ஃபாக்ஸ் பரவிய வழி அதுதான்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழ்விசை என்றொரு நீட்சி இருந்தது. தனியாகச் செயலி எதுவும் நிறுவாமல் உலாவிக்குள்ளேயே தமிழ் எழுத முடிந்தது. அதே காலத்தில் ஃபயர்ஃபாக்ஸ் நம்மைப் படுத்தியதும் உண்டு. பத்தியை இருபுறமும் ஓரம் சீராக்கிப் பதிவிட்டால் போதும், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் என்று எழுத்து சிதறிவிடும். தயவுசெய்து ஓரம் சீராக்காதீர்கள் என்று பதிவர்கள் ஒருவருக்கொருவர் கெஞ்சிக்கொண்டார்கள். மூன்றாம் பதிப்பில் எழுத்துக் கோக்கும் பகுதியைத் திருத்தியபோதுதான் அந்தத் தொல்லை ஓய்ந்தது. அத்தனைக்குப் பிறகும் நாம் அதை விட்டுப் போகவில்லை. ஏன்? திருத்துவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கை எப்படிக் கரைந்தது? இனி அதைப் பார்ப்போம்.

முதலில் நினைவகம். பத்துத் தாவல் திறந்து மாலை வரை வேலை செய்தால் கணினி மூச்சு வாங்கும். அத்தனை தாவலும் ஒரே செயல்முறைக்குள் ஓடும். ஒன்று தடுக்கி விழுந்தால் பத்தும் விழும். 2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தது. தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டியது. ஒன்று செத்தால் ஒன்று மட்டும் சாகும். ஃபயர்ஃபாக்ஸ் அதைப் பரவலாகப் பயனர் கையில் கொடுத்தது எப்போது? 2016இல் தொடங்கி 2017இல். எட்டு ஆண்டுகள்! எக்ஸ்புளோரர் ஐந்து ஆண்டு தூங்கியது என்று எள்ளியவர்கள் நாம்.

ஏன் இத்தனை தாமதம்? இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் பழைய நீட்சிகளுக்கு உலாவியின் எந்த உறுப்பையும் தொடும் உரிமை இருந்தது. குடியிருப்பவர் தம் வசதிக்கு வீட்டு உத்தரத்திலேயே தொட்டில் கட்டிக்கொண்டது போல. பிள்ளை சுகமாகத் தூங்கும், ஐயமில்லை. ஆனால் உத்தரத்தை மாற்ற வேண்டும் என்று ஒரு நாள் கொத்தனார் வந்தால்? எந்தச் சுதந்திரம் ஃபயர்பக்கைப் பெற்றெடுத்ததோ, அதே சுதந்திரம்தான் உலாவியை உள்ளிருந்து மாற்றவிடாமல் கட்டிப்போட்டது. உள்ளே எதைத் தொட்டாலும் யாரோ ஒருவரின் நீட்சி உடையும்.

2017 நவம்பர் 14 அன்று 57ஆம் பதிப்பு, குவான்டம் என்ற பெயரோடு வந்தது. வேகமாக இருந்தது, மறுக்கவில்லை. அன்றோடு பழைய முறை நீட்சிகள் அத்தனையும் செயலிழந்தன. குரோமின் நீட்சி முறையை ஒட்டிய புதிய முறையில் எழுதியவை மட்டும் பிழைத்தன. பல ஆண்டு உழைத்து எழுதிய நீட்சியைப் புதிய முறையில் எழுதவே முடியாது என்று கண்ட ஆசிரியர்கள் பலர் விடைபெற்றுப் போனார்கள். ஃபயர்பக்கும் அந்த ஆண்டோடு நின்றது. அதன் வேலைகளில் பலவற்றை உலாவியின் சொந்தப் பலகை எடுத்துக்கொண்டது. மாற்றம் தேவைதான். இதைச் செய்யாமல் இருந்திருந்தால் ஃபயர்ஃபாக்ஸ் அப்போதே முடிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: குரோமில் இல்லாத எது நிரலாளனை இங்கே பிடித்து வைத்திருந்ததோ, அது அன்றோடு போயிற்று. இனி அவன் ஏன் இருக்க வேண்டும்?

கையொப்பம் கதைக்கு வருவோம். தீய நீட்சிகளைத் தடுக்க ஒவ்வொரு நீட்சிக்கும் மொசில்லாவின் மின்கையொப்பம் வேண்டும் என்று விதி வந்தது. 2016இல் அதை அணைக்கும் வழியையும் பொதுப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நோக்கம் நல்லது. விளைவு என்ன? உங்கள் கணினி, உங்கள் உலாவி, நீங்களே எழுதிய இருபது வரி நீட்சி. அதைக்கூட மொசில்லாவுக்கு அனுப்பி முத்திரை வாங்காமல் பொதுப் பதிப்பில் நிலையாக வைத்துக்கொள்ள முடியாது. தற்காலிகமாக ஏற்றலாம், உலாவியை மூடித் திறந்தால் போய்விடும். இல்லையென்றால் நிரலாளருக்கான தனிப் பதிப்பை நிறுவிக்கொள்ள வேண்டும்.

சரி, அந்த முத்திரையையாவது பத்திரமாக வைத்திருந்தார்களா? 2019 மே 4, நமக்கு விடிகாலை. கையொப்பச் சங்கிலியில் நடுவில் இருந்த ஒரு சான்றிதழுக்கு ஆயுள் முடிந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை. உலகமெங்கும் ஃபயர்ஃபாக்ஸ்களில் இருந்த நீட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. விளம்பரத் தடுப்பான் போயிற்று, கடவுச்சொல் காப்பான் போயிற்று. ஃபயர்ஃபாக்ஸை அடியாக வைத்துக் கட்டிய டார் உலாவியில், பக்க நிரல்களைத் தடுக்கும் நோஸ்கிரிப்ட் காவலும் அணைந்தது. அரசின் கண்ணுக்குத் தப்பி எழுதும் பத்திரிகையாளர்கள் நம்பியிருக்கும் கருவி, நண்பர்களே, அது!

அவசரத் திருத்தம் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். ‘ஆய்வுகள்’ என்றொரு வழி உலாவியில் உண்டு. பயனர்களிடம் சோதனைகள் நடத்த மொசில்லா வைத்திருக்கும் வாய்க்கால். அதன் வழியாகத்தான் முதல் மருந்து வந்தது. தன் அந்தரங்கத்தை எண்ணி அந்த வாய்க்காலை அடைத்து வைத்திருந்தவன், மருந்து வேண்டுமென்றால் அதைத் திறந்துவிட வேண்டும். அவன் ஏன் அடைத்தான் தெரியுமா? அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 2017 டிசம்பரில் மிஸ்டர் ரோபோட் என்ற தொலைக்காட்சித் தொடருக்கு விளம்பரமாக ஒரு நீட்சியை அதே வாய்க்கால் வழியே பயனர்களின் உலாவிக்குள் கேளாமல் அனுப்பியிருந்தார்கள். நீட்சிப் பட்டியலில் பெயர் தெரியாத ஒன்று வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் வைரஸ் என்று பதறினார்கள். அந்தரங்கக் காவலன் என்று பெயர் வாங்கிய உலாவி செய்கிற வேலையா இது? சான்றிதழ்ச் சம்பவத்துக்குப் பிறகு, அந்த நாட்களில் திரட்டிய தரவை அழித்துவிடுவதாக மொசில்லா சொன்னது. அதைப் பாராட்டுகிறேன். போன நம்பிக்கைதான் திரும்பவில்லை.

இவையெல்லாம் பெரிய சம்பவங்கள். அன்றாட எரிச்சல் வேறு. மாதமும் ஆண்டும் மட்டும் கேட்கும் ஒரு படிவம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.டி.எம்.எல்லில் அதற்கென்றே உள்ளீட்டு வகை இருக்கிறது. குரோமில் திறந்தால் அழகான மாதப் பட்டியல் விழுகிறது. மேசைக் கணினி ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் வெறும் எழுத்துப் பெட்டி. ஒருவர் ‘மார்ச்’ என்று அடிப்பார், இன்னொருவர் ‘03/24’ என்பார். சர்வர் ‘2024-03’ என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும். இந்தக் குறை மொசில்லாவின் வழுப்பதிவேடான பக்சில்லாவில் பத்தாண்டு கடந்தும் தீராமல் கிடந்தது. உள்ளே என்ன பிள்ளை இருக்கிறது என்று பார்த்துத் தாய்ப் பெட்டிக்கு நிறம் கொடுக்கும் ‘ஹாஸ்’ என்ற சி.எஸ்.எஸ் தேர்வி சஃபாரிக்கு 2022 மார்ச்சில் வந்தது. குரோமுக்கு அதே ஆகஸ்டில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸுக்கு 2023 டிசம்பரில். நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: கட்டத்துக்குள் கட்டம் அமைக்கும் சப்கிரிட் வசதியை ஃபயர்ஃபாக்ஸ் 2019லேயே கொடுத்தது, குரோம் வந்து சேர 2023 ஆயிற்று. முடியாதவர்கள் என்றால் எனக்குக் கோபம் வராது. முடிந்தவர்கள் என்பதால்தான் வருகிறது.

அந்த முடிந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? 2020 ஆகஸ்டில் மொசில்லா ஏறக்குறைய 250 பேரை வேலையை விட்டு அனுப்பியது. யார் யார்? செர்வோ குழு. எதிர்கால உலாவி எஞ்சினை அடியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தவர்கள். 57ஆம் பதிப்பின் வேகத்துக்குக் காரணமான சி.எஸ்.எஸ் பகுதி அங்கிருந்துதான் வந்தது. எம்.டி.என் எழுத்தாளர்கள். உலகத்தின் வலை நிரலாளர் அத்தனை பேரும், குரோமில் வேலை செய்கிறவரும் சேர்த்து, சந்தேகம் வந்தால் புரட்டுகிற ஏடு எம்.டி.என். செர்வோவுக்காக மொசில்லா வளர்த்தெடுத்த ரஸ்ட் மொழி இன்று லினக்ஸ் கருவுக்குள் இருக்கிறது, விண்டோஸுக்குள் இருக்கிறது, குரோமுக்கு அடித்தளமான கூகுளின் குரோமியத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. வளர்த்த வீட்டில் மட்டும் அந்தக் கைகளுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போயிற்று.

ஏன் வழியில்லை? மொசில்லாவின் வருமானத்தில் மிகப் பெரும் பகுதி ஒரே ஒரு இடத்திலிருந்து வருகிறது. முகவரிப் பட்டையில் நீங்கள் தேடும்போது கூகுள் முதலில் வர வேண்டும் என்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். போட்டியாளன் படியளக்கிறான், இவர் போட்டி போடுகிறார்! கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். தண்டனை பற்றிய விசாரணையில், அந்தப் பணத்தைத் தடை செய்தால் ஃபயர்ஃபாக்ஸ் பிழைக்காமல் போகலாம் என்று மொசில்லாவின் நிதித் தலைவரே சாட்சி சொன்னார். 2025 செப்டம்பரில் வந்த ஆணை அந்தப் பணத்தைத் தடுக்கவில்லை. பிழைத்தார்கள்.

அதே 2025 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸுக்குப் பயன்பாட்டு விதிகள் என்று ஒன்றை எழுதினார்கள். உலாவி வழியே நாம் இடும் தகவலுக்கு உலகளாவிய உரிமம் தரச் சொல்வதுபோல் ஒரு வாசகம். உங்கள் தரவை ஒருநாளும் விற்க மாட்டோம் என்று பல காலமாகச் சொல்லிவந்த வாக்கும் பக்கத்திலிருந்து மறைந்தது. கூச்சல் எழுந்ததும் சில நாட்களில் வாசகத்தைத் திருத்தினார்கள். வழக்கறிஞர் எழுதியதை நிரலாளர் ஒருவரிடம் முன்கூட்டியே காட்டியிருந்தால் இந்தக் கூச்சலே வந்திருக்காது.

இத்தனை குறை சொல்கிறாயே, விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். என் பதில் இது.

ஓபரா 2013இல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டுக் குரோமியத்துக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட்டே கைவிட்டது, 2020 ஜனவரியில் வந்த புதிய எட்ஜ் குரோமியத்தின் மேல் நிற்கிறது. பிரேவ், விவால்டி, சாம்சங் எல்லாம் அதே எஞ்சின். பரவலான பயன்பாட்டில் மிச்சம் இருப்பவை மூன்று: குரோமியத்துக்குள் இருக்கும் கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. விண்டோஸ் கணினியிலோ ஆண்ட்ராய்டு கைபேசியிலோ அந்த இரண்டு பெரு நிறுவனங்களின் கைக்கு வெளியே ஓர் எஞ்சின் வேண்டுமென்றால் கெக்கோவை விட்டால் வேறு கதி இல்லை. குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியதும் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானின் முழு வடிவம் அங்கே ஓடாமல் போயிற்று. அது முழு வலுவோடு எங்கே ஓடுகிறது? ஃபயர்ஃபாக்ஸில். நிரலாளனை மதித்த பழைய குணம் அங்கே இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

மாணவர்களே, ‘இந்தத் தளத்தைக் குரோமில் மட்டும் திறக்கவும்’ என்ற அறிவிப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் மூத்த தலைமுறை இதே வாசகத்தை எக்ஸ்புளோரர் என்ற பெயரோடு பார்த்தது. அந்த ஐந்து ஆண்டுத் தூக்கத்தின் விலையை நாங்கள் கொடுத்தோம். மொசில்லாவின் மேல் எனக்குள்ள கோபத்தை நான் விடப்போவதில்லை. நீங்களும் விட வேண்டாம். ஆனால் நாளை ஒரு தளத்தை முடித்து வெளியிடும் முன், ஒரே ஒரு முறை அதை ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பாருங்கள். உங்கள் நிரலில் தவறு என்றால் திருத்துங்கள். உலாவியில் தவறு என்றால் திட்டிவிட்டு மூடிவிடாமல், எந்தப் பதிப்பு, எந்த வரி, என்ன நடந்தது என்று எழுதிப் பக்சில்லாவில் பதியுங்கள். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை.